அகலப் பாதம், கறுத்த நகம்: 1500 மீட்டர் பயிற்சிக்கு எந்த ஷூ எடுக்கலாம்?

பாலக்கோட்டான்:

எல்லாருக்கும் வணக்கம். இரண்டாம் நிலைக் காவலர் உடல்தகுதித் தேர்வுக்கு ஓடிப் பழகிட்டு இருக்கேன். வயசு 22, எடை 68 கிலோ. வாரத்துக்கு அஞ்சு நாள், மொத்தம் 30 கி.மீ. பாதி ஓட்டம் பள்ளிக்கூட மைதானத்துல (செம்மண், மேல சரளை), மீதி தார் ரோட்டுல.

செருப்பு அளவு 8, அதனால ஷூவும் 8 எடுத்தேன். இப்ப இருக்கற தொந்தரவு: வலது கால்ல ரெண்டாவது விரல் நகம் கறுத்துப் போச்சு. 4 கி.மீ. தாண்டினா மூணாவது, நாலாவது விரல் மரத்துப் போகுது. ஷூவோட வெளிப்பக்கக் குதி மட்டும் தேயுது. ஈரக்காலோட சிமெண்ட் தரையில மிதிச்சுப் பார்த்தா நடுவுல வளைவே இல்லாம முழுப் பாதமும் பதியுது. கடையில "உங்களுக்குத் தட்டைப் பாதம், உள்ள மேடு வெச்ச ஷூதான் போடணும், 6,500 ரூபா ஆகும்"னு சொல்றாங்க. கையில 3,500, மிஞ்சிப்போனா 4,000.

எந்த பிராண்ட் எடுக்கறது? தட்டைப் பாதத்துக்குன்னு தனி ஷூ கட்டாயமா வேணுமா?

கால்நடை:

பிராண்டைக் கடைசியில் பார்ப்போம். நகம் கறுத்ததற்கும் பாதம் தட்டையாக இருப்பதற்கும் சம்பந்தமே இல்லை. ஒவ்வொரு அடியிலும் விரல் நுனி ஷூவின் முன்சுவரில் போய் இடிக்கிறது, நகத்துக்கு அடியில் ரத்தம் கட்டுகிறது, அவ்வளவுதான். விரல் மரத்துப் போவது அகலம் போதவில்லை என்பதற்கான அடையாளம். விரல்களுக்கு நடுவே போகும் நரம்பு இரண்டு பக்கமும் நெருக்குண்டு கிடக்கிறது.

செருப்பு எண்ணை வைத்து ஷூ எடுப்பதுதான் நம் பக்கத்தில் அடிக்கடி நடக்கும் தவறு. செருப்பில் விரல் முன்னால் அரை செ.மீ. நீட்டிக்கொண்டிருந்தாலும் நமக்குத் தெரியாது. பக்கவாட்டில் பாதம் வழிந்தாலும் வார் இளகிக் கொடுத்துவிடும். ஷூவில் அப்படி வழிய இடமில்லை. ஆகவே முதலில் அளந்து சொல்லுங்கள்.

அளப்பது சாயங்காலம் ஆறு, ஏழு மணிக்கு இருக்கட்டும். நாள் முழுக்க நின்று நடந்ததில் பாதம் சற்றே வீங்கியிருக்கும், ஓடும்போது இருக்கப்போகும் அளவும் ஏறக்குறைய அதுதான். ஒரு ஏ4 தாளைச் சுவரோடு ஒட்டித் தரையில் வைத்து (நீளவாட்டில் 29.7 செ.மீ., போதும்), குதி சுவரைத் தொடும்படி நின்றுகொள்ளுங்கள். இரண்டு காலிலும் எடை சமமாக இருக்கவேண்டும். கோட்டை நீங்களே குனிந்து போடாதீர்கள். குனிந்தால் எடை முன்னால் சாய்ந்து அளவு மாறிவிடும், வீட்டில் யாரையாவது போடச் சொல்லுங்கள். பென்சில் செங்குத்தாக நிற்கவேண்டும். சாய்த்துப் பிடித்தால் பாதத்துக்கு அடியில் போய் 3, 4 மி.மீ. குறைத்துக் காட்டும்.

எந்த விரல் நீளமோ அதன் நுனியில் இருந்து சுவர் வரை நீளம். பலருக்குக் கட்டைவிரலைவிட இரண்டாவது விரல்தான் நீளம், உங்கள் கறுத்த நகமும் அதில்தான் என்பதைக் கவனியுங்கள். அகலத்துக்குக் கட்டைவிரல் மூட்டின் புடைப்பில் இருந்து சுண்டுவிரல் மூட்டின் புடைப்பு வரை, கோணலாக வந்தாலும் சரி, நேராக அளக்கவும். இரண்டு காலுக்கும் தனித்தனியாக, மில்லிமீட்டர் வரை.

இப்போதுள்ள ஷூவின் நாக்கைத் திருப்பி உள்பக்க லேபிளையும் பாருங்கள். யூகே, யூஎஸ், ஈயூ என்று வரிசையாக இருக்கும். அதில் சிஎம் (சென்டிமீட்டர்) அல்லது ஜேபி (ஜப்பான் அளவு) என்று ஒரு எண் உண்டு. அதை எழுதுங்கள்.

தென்பெண்ணை:

அளக்கறதோட இன்னொண்ணும் பண்ணிப் பாருங்க, தம்பி. ஷூவுக்குள்ள இருக்கற இன்சோலை (பாதம் படற உள் அட்டை) வெளிய உருவி, தரையில வெச்சு, அதுமேல வெறுங்காலோட நில்லுங்க. விரலுக்கு முன்னாடி எவ்வளவு மிச்சம் இருக்கு, சுண்டுவிரல் பக்கம் பாதம் எவ்வளவு வெளிய வழியுதுன்னு பாருங்க. அட்டைக்கு வெளிய வழியற அவ்வளவும் ஓடும்போது துணியைப் போய் அமுக்குதுன்னு அர்த்தம். புது ஷூ எடுக்கும்போதும் கடையிலேயே இதைப் பண்ணலாம். பெரும்பாலான ஓட்ட ஷூவுல இன்சோல் ஒட்டியிருக்காது, இழுத்தா வந்துரும். ஒட்டியிருந்தா பிய்க்காதீங்க, கடைக்காரர் சண்டைக்கு வருவார்.

பாலக்கோட்டான்:

அளந்துட்டேன். இடது: நீளம் 26.2, அகலம் 10.4. வலது: நீளம் 26.6, அகலம் 10.6. அண்ணா சொன்ன மாதிரி ரெண்டு கால்லயும் ரெண்டாவது விரல்தான் நீளம். லேபிள்ல யூகே 8, ஜேபி 265. இன்சோல் மேல நின்னா வலது கால் விரல் கிட்டத்தட்ட நுனியில நிக்குது, சுண்டுவிரல் பக்கம் 5 மி.மீ. வெளிய வருது.

கால்நடை:

விஷயம் முழுக்க இந்த நாலு வரியிலேயே இருக்கிறது.

265 என்றால் 26.5 செ.மீ. பாதத்துக்காகச் செய்த ஷூ. உங்கள் வலது பாதம் நிற்கும்போதே 26.6. ஓடும்போது எடை விழ விழப் பாதம் இன்னும் சில மில்லிமீட்டர் நீளும், முன்னாலும் வழுக்கும். நகம் கறுக்காமல் இருந்தால்தான் அதிசயம்.

ஓட்ட ஷூவுக்கு நீளமான விரலின் நுனிக்கும் ஷூவின் முன்சுவருக்கும் நடுவே ஒரு கட்டைவிரல் அகலம், அதாவது 1 முதல் 1.2 செ.மீ. இடம் வேண்டும். லேபிள் எண்ணில் சொன்னால், பெரிய பாதத்தின் நீளத்தோடு ஏறக்குறைய அரை செ.மீ. முதல் ஒரு செ.மீ. வரை கூட்டுங்கள். உங்களுக்கு 27 அல்லது 27.5. இரண்டையும் போட்டுப் பார்த்து முடிவு செய்யவேண்டும்.

யூகே எண்ணை மட்டும் நம்பினால் இங்கேதான் கால் வாரும். 27 செ.மீ. ஆண்கள் ஷூவை நைக்கியும் ஆசிக்ஸும் யூகே 8 என்று போடுகின்றன. அதே 27 செ.மீ. அடிடாஸிலும் நியூ பேலன்ஸிலும் யூகே 8.5. "எனக்கு எப்பவும் 8" என்று சொல்லிக் கேட்டால் ஒரு பெட்டியில் சரியாக இருக்கும், அடுத்த பெட்டியில் அரை எண் குறைந்திருக்கும். யூகே கணக்கில் ஒரு எண்ணுக்கு மூன்றில் ஒரு அங்குலம், சுமார் 8.5 மி.மீ. அரை எண் என்பது 4 மி.மீ. சொச்சம். ஈயூ எண் ஒன்றுக்கு 6.67 மி.மீ. சிஎம் ஒன்றுதான் எந்தப் பெட்டியிலும் நேரடியாக நீளத்தைச் சொல்லும்.

அடுத்தது அகலம். ஆண்கள் ஷூவில் சாதாரண அகலத்துக்கு டி என்று பெயர். அதற்கு மேல் 2ஈ, அதற்கும் மேல் 4ஈ. 27 செ.மீ. அளவில் டி அகலம் ஏறக்குறைய 10 செ.மீ. பாதத்துக்குப் பொருந்தும், 2ஈ ஏறக்குறைய 10.5-க்கு. உங்களுக்கு 10.6. ஆக உங்களுக்குத் தேவை 2ஈ. பெட்டியில் 2ஈ என்றோ, அகலம் என்பதற்கான ஆங்கிலச் சொல்லோ அச்சிட்டிருக்கும். எதுவும் போடவில்லை என்றால் அது டி.

அகலம் கிடைக்கவில்லையே என்று நீளத்தில் இரண்டு எண் ஏற்றி எடுக்காதீர்கள். பலர் செய்வது இது. நீளம் கூடினால் ஷூ மடியவேண்டிய இடம் உங்கள் விரல் மூட்டுக்கு நேராக வராமல் முன்னால் போய்விடும். குதி உள்ளே ஏறி இறங்கிக் கொப்புளம் போடும். பாதம் வழுக்குவதால் நகம் மறுபடியும் இடிக்கும்.

எக்ஸ்பிரஸ்_கால்:

இவ்வளவு கணக்கு எதுக்கு? அடியில கார்பன் தகடு வெச்ச ஷூ ஒண்ணு வாங்குங்க, நேரம் தானா குறையும். மாரத்தான்ல எல்லாரும் அதைத்தான் போடறாங்க.

கால்நடை:

ரோட்டுப் போட்டி ஷூ அது. உலகத் தடகளச் சம்மேளனம் ரோடு ஓட்டத்துக்கு வைத்திருக்கும் உச்சவரம்பே அடிப்பாகம் 40 மி.மீ. உயரம், உள்ளே ஒரே ஒரு தகடு. அந்த உயரத்தில், குறுகலான மெத்து ஃபோமின் மேல் ஏறி, சரளை கிடக்கும் மைதானத்தில் வளைவு திரும்பினால் கணுக்கால் பிசகும். தேர்வுக்கு 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்கவேண்டும். கிலோமீட்டருக்கு 4 நிமிடம் 40 வினாடி, 400 மீட்டர் சுற்றுக்கு 1 நிமிடம் 52 வினாடி. ஒழுங்காகப் பயிற்சி செய்யும் 22 வயதுக்காரருக்கு இதற்குத் தகடு தேவையில்லை. 4,000 ரூபாயில் கிடைப்பதாக யாராவது காட்டினால் அது நகலாகவே இருக்கும்.

குதிகால்:

தட்டைப் பாதம் பத்தின கேள்விக்கு வரேன். இந்த ஈரக்கால் சோதனையை வெச்சு ஷூ விக்கறது ரொம்ப காலமா நடக்குது: வளைவு இல்லன்னா மேடு வெச்ச ஷூ, வளைவு ஜாஸ்தின்னா மெத்து ஷூ, நடுத்தரம்னா சாதா ஷூ. கேக்க நல்லாத்தான் இருக்கு. அமெரிக்காவுல தரைப்படை, விமானப்படை, மரைன் பயிற்சி முகாம்கள்ல இதைச் சோதிச்சு 2009, 2010-ல முடிவு வெளியிட்டாங்க. ஒரு குழுவுக்குப் பாத வடிவத்தைப் பார்த்து ஷூ கொடுத்தாங்க, இன்னொரு குழுவுக்கு வடிவம் எதுவானாலும் ஒரே வகை ஷூ. காயம்பட்ட அளவுல சொல்லிக்கற மாதிரி வித்தியாசம் எதுவும் வரல.

ஈரத்தடம் காட்டறது நிக்கற பாதத்தோட நிழலை மட்டும்தான். ஓடற பாதம் எப்படி வேலை செய்யுதுன்னு அது சொல்லாது. இதைப் பண்ணிப் பாருங்க: நேரா நின்னு, ரெண்டு குதியையும் தூக்கி முன்னங்கால்ல எழுந்திருங்க. பின்னாடி இருந்து யாராவது பார்க்கணும். எழும்போது உள்வளைவு தெரிஞ்சு, குதி கொஞ்சம் உள்பக்கம் திரும்பினா அது இளகற தட்டைப் பாதம். வலி இல்லன்னா அதுக்கு வைத்தியமும் வேண்டாம், 6,500 ரூபா ஷூவும் வேண்டாம். எழுந்த பிறகும் வளைவு வரலன்னாலோ, கணுக்காலோட உள்பக்கம் வலிச்சாலோ, ஒரு கால் மட்டும் புதுசா தட்டையாயிட்டு வந்தாலோ எலும்பு மருத்துவரைப் பாருங்க, ஷூ கடைக்காரரை இல்ல.

நம்ம ஊர்ல செருப்பு இல்லாம வளர்ந்த பாதம் முன்பக்கம் விரிஞ்சிருக்கும், கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடைவெளி இருக்கும். அது குறை கிடையாது. 1992-ல ராவ், ஜோசப்னு ரெண்டு இந்திய மருத்துவர்கள் 2,300 குழந்தைகளோட காலடித் தடத்தை எடுத்து ஆராய்ஞ்சாங்க. தட்டைப் பாதம், செருப்போ ஷூவோ போட்டுப் பழகினவங்ககிட்ட 8.6 சதவீதம், வெறுங்கால்ல வளர்ந்தவங்ககிட்ட 2.8 சதவீதம். விரிஞ்ச பாதத்துக்கு முன்பக்கம் இடம் விட்ட ஷூதான் வேணும், மேடு இல்ல.

வெளிப்பக்கக் குதி தேயறதும் இயல்புதான். பெரும்பாலானவங்க கால் அந்த ஓரத்துலதான் முதல்ல தரையைத் தொடும், அப்புறம் உள்பக்கமா உருளும். அந்த உருள்றதே அதிர்ச்சியைத் தாங்கத்தான். தேய்மானம் ரெண்டு ஷூவுலயும் ஒரே மாதிரி இருந்தா விட்டுருங்க. ஒண்ணு மட்டும் ரொம்பத் தேஞ்சா, கடைசியில வத்தல்மலை எழுதற ரோட்டுச் சரிவு விஷயத்தைப் பாருங்க (எழுதுவார்னு நம்பறேன்).

தென்பெண்ணை:

குதிகால் சொல்றதுல ஒண்ணு விட்டுப்போச்சு. 2016-ல லக்சம்பர்க்ல 372 ஓட்டக்காரங்களை ஆறு மாசம் கவனிச்ச ஆய்வுல, உள்பக்கமா ரொம்ப உருள்ற பாதக்காரங்களுக்கு மேடு வெச்ச ஷூவுல காயம் குறைஞ்சுது. ராணுவத்துல பலன் தெரியலங்கறதுக்காக மேடு வெச்ச ஷூவே ஏமாத்துன்னு சொல்லிட முடியாது.

குதிகால்:

சரியான திருத்தம். அதனால இப்படி மாத்திக்கறேன்: ஈரத்தடத்தை மட்டும் பார்த்து யாருக்கும் மேடு ஷூ எழுதிக் கொடுக்க வேண்டாம். கணுக்கால் உள்பக்கமோ, முழங்காலுக்குக் கீழ முன்னெலும்போட உள் ஓரமோ திரும்பத் திரும்ப வலிக்கறவங்க அந்த வகையைப் போட்டுப் பார்க்கலாம். பாலக்கோட்டாருக்கு ரெண்டும் இல்ல. அவருக்கு இருக்கற ரெண்டு தொந்தரவும் அளவுக் கோளாறு. அளவைச் சரி பண்ணாம மேடு வெச்சா, பாதம் உள்ள இன்னும் மேல ஏறி, ஏற்கனவே இறுக்கமான ஷூ இன்னும் இறுக்கமாகும்.

வத்தல்மலை:

எழுதிட்டேன் எழுதிட்டேன்.

ரோடு நடுவுல மேடா, ஓரத்துல சரிவா இருக்கும், மழைத்தண்ணி ஓடறதுக்கு. வண்டியைப் பார்த்து வலது ஓரமா ஓடறதுதான் பாதுகாப்பு, அதை மாத்தாதீங்க. ஆனா அந்த ஓரத்துலயே போனா வலது கால் எப்பவும் பள்ளத்துல, இடது கால் மேட்டுல. இடது பாதம் உள்பக்கமா சாயும், வலது இடுப்பு இறங்கும். ஷூ ஒருபக்கம் தேயறதுக்கும் ஒரு முழங்கால் மட்டும் வலிக்கறதுக்கும் பல சமயம் இதுதான் காரணம். என்எச் 44 சர்வீஸ் ரோட்டுல இது நல்லாவே தெரியும். கிராமத்து ரோட்டுல வண்டி வராத விடிகாலையில நடுவுல ஓடிக்கலாம், இல்லன்னா ரோட்டு ஓட்டத்தைக் குறைச்சு மைதானத்தைக் கூட்டுங்க. மைதானத்துலயும் ஒரே பக்கமா சுத்தாம, ஒருநாள் விட்டு ஒருநாள் திசையை மாத்துங்க.

அடுத்தது அடி ரப்பர். இப்ப வர்ற விலை குறைஞ்ச ஷூ நிறைய அடியில ரப்பரே இல்லாம வெறும் ஃபோமா வருது. எடை குறைவு, தார் ரோட்டுக்குப் பரவாயில்ல. நம்ம செம்மண் சரளையில வரட்டுன்னு தேஞ்சுடும், ஜல்லி குத்திப் பொரிப்பொரியா பேந்து வரும். நெருஞ்சி முள் ஃபோம்ல ஏறி உள்ளேயே ஒடிஞ்சு நிக்கும், பத்து நாள் கழிச்சு ஒருநாள் பாதத்துல குத்தும். சீமைக்கருவேல முள்ளுக்கு ரப்பர் இருந்தாலும் பத்தாது, அந்தப் பக்கமே ஓடாதீங்க. குதியிலயும் முன்னங்கால்லயும் ரப்பர் ஒட்டின ஷூவா பார்த்து எடுங்க, பள்ளம் 2 மி.மீ. இருந்தாப் போதும். மலை ஓட்ட ஷூன்னு 4, 5 மி.மீ. கொண்டை வெச்சு விப்பாங்க. வத்தல்மலைப் பாதைக்கு அருமை. ஆனா பாதி தூரம் தார்ல ஓடறவருக்கு அந்தக் கொண்டை சீக்கிரம் மழுங்கிடும், அதுவரைக்கும் கடகடன்னு தட்டிட்டே இருக்கும்.

வெயில் வேற. ஃபோம் சூட்டுல இளகும். ஷூவைப் பைக் டேங்க் மேலயோ மொட்டை மாடியிலயோ வெயில்ல காய வெச்சா ஒட்டும் விடும், ஃபோமும் சுருங்கும். நனைஞ்சா இன்சோலைக் கழட்டிட்டு, உள்ள பழைய பேப்பரைத் திணிச்சு, நிழல்ல வைங்க. ஒரு மணி நேரத்துல அந்தப் பேப்பரை எடுத்துட்டு வேற வைங்க. வாஷிங் மெஷின் வேண்டவே வேண்டாம். செம்மண் கறைக்குப் பழைய பல் பிரஷ், துணி துவைக்கற சோப்பு, பச்சைத் தண்ணி போதும்.

பாலக்கோட்டான்:

நிறைய தெரிஞ்சுகிட்டேன் அண்ணா, அக்கா. கடையில 2ஈ கேட்டா அப்படி ஒண்ணு இல்லவே இல்லங்கறாங்க. தர்மபுரி, கிருஷ்ணகிரி கடையில அகலம் இல்லன்னா என்ன பண்றது? அப்புறம் கடையில போட்டுப் பார்க்கும்போது எதையெல்லாம் பார்க்கணும்?

தென்பெண்ணை:

நம்ம மாவட்டக் கடைகள்ல டி அகலம்தான் பெரும்பாலும் வரும், அவங்களைக் குறை சொல்லிப் பயனில்ல. ஓசூர், சேலம், பெங்களூர்ல பெரிய கடையில கேட்டுப் பாருங்க, இல்லன்னா இணையத்துல திருப்பி அனுப்பற வசதி இருக்கற இடத்துல எடுங்க. நியூ பேலன்ஸ், ஆசிக்ஸ் ரெண்டுலயும் சில மாடல் 2ஈ-ல வருது. போன வருஷ மாடலா இருந்தா விலை இறங்கியிருக்கும். இணையத்துல எடுத்தா வீட்டுக்குள்ளேயே பாய் மேலயோ துணி மேலயோ போட்டு ஓடிப் பாருங்க. அடியில மண் பட்டுட்டா திருப்பி எடுக்க மாட்டாங்க.

2ஈ கிடைக்கவே இல்லன்னா, டி-யிலேயே முன்பக்கம் உருண்டையா, மேல் துணி வலை மாதிரி இளகறதா இருக்கற மாடல் தேடுங்க. சுண்டுவிரல் மூட்டு வர்ற இடத்துல பிளாஸ்டிக் பட்டையோ கெட்டித் தையலோ இருக்கக் கூடாது, அதுதான் முக்கியம்.

கடைக்குச் சாயங்காலம் போங்க. ஓடும்போது போடற சாக்ஸைக் கையோட எடுத்துட்டுப் போங்க. கடையில கொடுக்கற மெல்லிசு சாக்ஸ்ல பார்த்தா ஏமாந்துருவீங்க. பருத்தி சாக்ஸ் வேர்வையைக் குடிச்சுட்டு ஈரமாவே இருக்கும், கொப்புளத்துக்குப் பாதி காரணம் அது. பாலியஸ்டர், நைலான் கலந்தது எடுங்க.

ரெண்டு காலுக்கும் போட்டுக்குங்க, பெரிய கால் வலதுங்கறதால முடிவு வலதை வெச்சு. குதியைத் தரையில ரெண்டு தட்டு தட்டிப் பின்னாடி தள்ளிட்டு, அப்புறம் லேஸ் கட்டுங்க. எழுந்து நின்னு, ரெண்டாவது விரலுக்கு முன்னாடி கட்டைவிரலைக் குறுக்கால வெச்சு அமுக்கிப் பாருங்க. உட்கார்ந்துட்டு அமுக்கினா தப்பான அளவு வரும். முன்பக்கத் துணியை ரெண்டு விரலால கிள்ளினா லேசா மடியணும். விறைப்பா இருந்தா அகலம் பத்தல, கொத்தா கையில வந்தா ஜாஸ்தி. குதியில ஒரு விரல் நுழையற இடம் இருந்தா அது லூஸ். படியில நின்னு கீழ்நோக்கி இறங்கிப் பாருங்க, விரல் முட்டினா வேண்டாம். கடைசியா வெளிய வராந்தாவுல ஒரு நிமிஷம் மெதுவா ஓடணும். "போடப் போட இளகிடும்"னு சொல்வாங்க. தோல் ஷூவுக்கு அது பொருந்தும், ஓட்ட ஷூவுக்குப் பொருந்தாது. முதல் நிமிஷத்துல உறுத்தறது பத்தாவது கிலோமீட்டர்லயும் உறுத்தும்.

ஷூவைக் கையில எடுத்து மடக்கிப் பாருங்க. விரல் மூட்டு வர்ற இடத்துல மடியணும். நடுவுல சரிபாதியா மடங்கினா, துணி பிழியற மாதிரி முறுக்கிக்கிட்டா விட்டுருங்க. பின்பக்கக் கெட்டிப் பகுதியைக் கிள்ளினா அமுங்காம நிக்கணும். பெட்டி ஸ்டிக்கர்ல எம்ஆர்பி-யோட தயாரிச்ச மாசமும் வருஷமும் அச்சிட்டிருக்கும். மூணு, நாலு வருஷம் கிடந்த சரக்குன்னா எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வேண்டாம், ஒட்டு காய்ஞ்சு வாயைப் பிளந்துரும். பெட்டியில இருக்கற மாடல் எண்ணும் நாக்குல இருக்கற எண்ணும் ஒண்ணா இருக்கான்னும் பாருங்க. "ஃபர்ஸ்ட் காப்பி" ஷூவுல இந்த ரெண்டும் பொருந்தாது பாதி நேரம். பார்க்க அச்சு அசலா இருக்கும், அடியில வெறும் கனமான பிளாஸ்டிக்.

பெண்கள் யாராவது இதைப் படிச்சா: பெண்கள் ஷூவுல சாதா அகலம் பி, டி-ன்னா அதுதான் அகலம். ஆண்கள் ஷூவுல டி சாதா. யூகே எண் ரெண்டு பேருக்கும் எல்லா பிராண்டுலயும் ஒரே நீளமா இருக்காது, சிஎம்மைப் பாருங்க. அதனால பாதம் அகலமான பெண்கள் அதே சிஎம் எண்ல ஆண்கள் மாடலை எடுத்தா, பல நேரம் கணக்கு சரியா வந்துரும். யூகே 5, 6 எண்ல ஆண்கள் ஷூ கிடைக்கறதுதான் கஷ்டம்.

குதிகால்:

குதிக்கும் முன்னங்காலுக்கும் இருக்கற உயர வித்தியாசம் பத்தி யாரும் சொல்லல. 8, 10 மி.மீ. வித்தியாசம்தான் சாதாரணமா வர்றது. 4, 0 மி.மீ.லயும் உண்டு. வித்தியாசம் குறையக் குறைய பாரம் முழங்கால்ல இருந்து கெண்டைக்கால், குதிகால் தசைநாணுக்கு இறங்கும். இப்ப இருக்கறது 10 மி.மீ.ன்னா புதுசும் அதுக்குப் பக்கத்துலயே எடுங்க. தேர்வு நேரத்துல திடீர்னு 0-க்கு மாறினா கெண்டைக்கால் பிடிச்சுக்கும்.

பாலக்கோட்டான்:

ஒருவழியா அகலமான ஷூ கிடைச்சாலும் இடது கால் 4 மி.மீ. சின்னது. அது லூஸா இருக்காதா? அப்புறம் தேர்வுக்கு எத்தனை நாள் முன்னாடி வாங்கணும்?

வத்தல்மலை:

லேஸ்தான் அதுக்கு. ஷூவுல மேல கடைசியா, கொஞ்சம் பின்னாடி தள்ளி ஒரு ஓட்டை சும்மா கிடக்குமே, அது அழகுக்கு இல்ல. இடது ஷூவுல லேஸை எதிர்ப்பக்கம் கொண்டு போகாம, அதே பக்கம் வெளியில இருந்து அந்த ஓட்டைக்குள்ள விட்டா ஒரு சின்ன வளையம் கிடைக்கும். ரெண்டு பக்கமும் அப்படி. அப்புறம் இடது லேஸை வலது வளையத்துல, வலது லேஸை இடது வளையத்துல நுழைச்சுக் கீழ்நோக்கி இழுத்து முடிச்சுப் போடுங்க. குதி பூட்டின மாதிரி நிக்கும். முன்பக்க லேஸ் மட்டும் இளக்கமாவே இருக்கட்டும், மரத்துப் போறதுக்கு அதுவும் ஒரு காரணம். பத்தலன்னா இடது பக்கம் மட்டும் கொஞ்சம் தடிச்ச சாக்ஸ்.

கால்நடை:

தேர்வுக்கு ஐந்து, ஆறு வாரம் முன்பாக வாங்குங்கள். முதல் வாரம் இரண்டே ஓட்டம், 3 கி.மீ. தாண்டவேண்டாம். மற்ற நாளுக்குப் பழைய ஷூ, அதுவும் மைதானத்தில் மட்டும், லேஸைத் தளர்த்திக் கட்டி. மூன்றாவது வாரத்தில் இருந்து வேக ஓட்டம் எல்லாம் புதியதில். தேர்வன்று புது சாக்ஸ் கூடாது. ஆணி வைத்த ஸ்பைக்ஸ் போட அனுமதி உண்டா என்பதை அழைப்புக் கடிதத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அனுமதி இருந்தாலும், அதில் ஒரு மாதம் பழகியிராவிட்டால் போடாதீர்கள்.

உங்கள் 30 கி.மீ. வாரக் கணக்குக்கு ஷூ நான்கு, ஐந்து மாதம் தாங்கும். 500 முதல் 800 கி.மீ. வரை என்பது பொதுக் கணக்கு, சரளை மைதானம் என்பதால் நீங்கள் 600-ஐ எல்லையாக வைத்துக்கொள்ளலாம். அடி ரப்பர் தேய்வதற்கு முன்பே ஃபோம் செத்துவிடும். பக்கவாட்டில் குறுக்குச் சுருக்கம் நிரந்தரமாக விழுந்து, கட்டைவிரலால் அமுக்கினால் திரும்பி எழாவிட்டால் அது இனி மார்க்கெட் போவதற்கு.

தென்பெண்ணை:

கறுத்த நகத்தைப் பிடுங்காதீங்க தம்பி. வலி இல்லன்னா அப்படியே விடுங்க, அடியில புது நகம் வளர்ந்து தள்ளிடும், மாசக்கணக்குல ஆகும். நேரா, குட்டையா வெட்டி வைங்க. தூக்கிட்டு நின்னா சாக்ஸ்ல மாட்டாம மேல ஒரு சுத்து பிளாஸ்டர். தெறிக்கற மாதிரி வலி, சீழ், சுத்தி வீக்கம் வந்தா ஆஸ்பத்திரி. வீட்டுல சர்க்கரை இருக்கறவங்க யாராவது இதே மாதிரி ஷூ போட்டு நடந்தா, உணர்ச்சி குறைஞ்சிருக்கும், இறுக்கம் தெரியாது. அவங்க பாதத்தைத் தினமும் ராத்திரி பார்க்கணும், ஷூவுக்குள்ள கையை விட்டுக் கல், முள் இருக்கான்னு தடவிட்டுத்தான் போடணும்.

பாலக்கோட்டான்:

ஆசிக்ஸ் 2ஈ, சிஎம் 27.5, போன வருஷ மாடல், 3,799-க்கு இணையத்துல காட்டுது. யூகே 8.5-ன்னு போட்டிருக்கு. 27-ல 2ஈ இல்ல. எடுக்கலாமா?

கால்நடை:

எடுங்கள். 26.6-க்கு 27.5 என்றால் 9 மி.மீ. கூட, நாம் சொன்ன வரம்புக்குள்தான். வந்ததும் இன்சோலை உருவி அதன் மேல் வலது காலை வையுங்கள். சுண்டுவிரல் அட்டைக்குள் நின்றால் லேபிளைக் கிழிக்கலாம், வழிந்தால் பெட்டியைத் திரும்ப ஒட்டிவிடுங்கள்.